தண்டமும் தராசும்

நிறுத்தக் கூடாத இடத்தில் காரை நிறுத்திவிட்டார் ஓர் அம்மையார். ஒரே ஒரு நாள். ஒரே ஒரு முறை! எவர் மீதும் மோதவில்லை. எவர் உயிருக்கும் ஊறு விளையவில்லை. எவர் உடைமையையும் பறித்துக்கொண்டு ஓடவில்லை. வண்டி நின்றது, நிற்கக் கூடாத இடத்தில் நின்றது, அவ்வளவே குற்றம். இரண்டு சீட்டுகள் எழுதி நீட்டினார்கள். தண்டத் தொகை 151 டாலர். அதற்கு மேல் கட்டணங்கள். ஆண்டு 2007.

2014 டிசம்பரில் ஏட்டைப் புரட்டிக் கணக்குப் பார்த்தார்கள். அந்த ஏழாண்டுகளில் அம்மையார் நீதிமன்றத்தில் கட்டியிருந்த தொகை 550 டாலர். இருமுறை கைது செய்யப்பட்டிருந்தார். ஆறு நாள் சிறைக் கம்பிகளை எண்ணியிருந்தார். அதன் பிறகும் அவர் கட்ட வேண்டியிருந்த பாக்கி எவ்வளவு தெரியுமா? 541 டாலர்!

151-இல் தொடங்கி, 550 கட்டிய பிறகு, 541 மீதம்! கந்துவட்டிக்காரனும் கண்டால் வெட்கித் தலைகுனியும் கணக்கு. ஆனால் இது வட்டிக் கடையில் போட்ட கணக்கன்று. நீதிமன்றத்தில் போட்ட கணக்கு!

நாடகம் எழுதுகிறவன் நான். இப்படியொரு காட்சியை எழுதி ஒத்திகைக்கு எடுத்துச் சென்றால், "ஐயா, கொஞ்சம் குறைத்து எழுதுங்கள்; கொட்டகையில் நம்ப மாட்டார்கள்" என்று நடிகர்களே சொல்லிவிடுவார்கள். கற்பனை வெட்கப்படும் அளவுக்கு உண்மை ஓடிவிடுகிறது சில வேளைகளில்!

எங்கே நடந்தது? அமெரிக்காவில், மிசூரி மாநிலத்தில், ஃபெர்குசன் என்னும் சிற்றூரில். சொல்பவர் யார்? எதிர்க்கட்சிக்காரர் எவருமல்லர். அமெரிக்க அரசின் நீதித்துறையே ஆராய்ந்து, 2015 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது.

"அமெரிக்கக் கதை நமக்கெதற்கு?" என்று கேட்கத் தோன்றும். காரணம் இருக்கிறது. அதே சீட்டு, வேறு மொழியில், வேறு நிறத்தில், நம் ஊர் நாற்சந்தியிலும் இன்று நீட்டப்படுகிறது. சீட்டில் எழுதிய தொகை மட்டுமே தண்டனை என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். எழுதாத தொகை எவ்வளவு என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்த ஏழு கடல் பயணம். வாருங்கள், அந்த ஊருக்கே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புவோம்.

151 எப்படி வளர்ந்தது? அந்த அம்மையார் வறியவர். இடையிடையே தங்க வீடின்றியும் இருந்தவர். குறித்த நாளில் மன்றத்துக்கு வர இயலவில்லை. குறித்த நாளில் பணம் கட்ட இயலவில்லை. 2007 முதல் 2010 வரை இப்படி ஏழு தவறுதல்கள். ஒவ்வொரு தவறுதலும் ஒரு புதுக் குற்றம்! ஒவ்வொரு குற்றத்துக்கும் ஒரு பிடியாணை! ஒவ்வொரு பிடியாணையோடும் புதுத் தண்டம், புதுக் கட்டணம்! கார் நின்ற குற்றம் எங்கோ மறைந்துவிட்டது. காசு இல்லாத குற்றம்தான் குட்டி போட்டுக்கொண்டே போயிற்று.

கட்டவே அவர் முயலவில்லையா? முயன்றார். ஒரு முறை 25 டாலர், இன்னொரு முறை 50 டாலர் அனுப்பினார். மன்றம் என்ன செய்தது? திருப்பி அனுப்பியது! முழுத் தொகையானால் கொண்டு வா. அரைகுறைக் காசு வேண்டாம் என்றது. மனக்கண்ணில் நிறுத்திப் பாருங்கள் தோழர்களே! அடுப்பில் வைக்க வேண்டியதை எடுத்து, பிள்ளையின் கையில் கொடுக்க வேண்டியதைத் தடுத்து, சேர்த்து அனுப்பிய 25 டாலர், வாசல் திரும்பி வருகிறது. வாங்க மறுத்தவர்களே, கட்டவில்லை என்று பிடியாணையும் எழுதுகிறார்கள்!

ஏன் இந்தக் கொடுமை? அந்த மன்றத்தில் இருந்தவர்கள் எல்லாரும் கல்நெஞ்சர்களா? அப்படிச் சொல்லிவிட்டுப் போனால் எளிது. ஆனால் தீமை பெரும்பாலும் நெஞ்சில் தொடங்குவதில்லை தோழர்களே. வரவு செலவுத் திட்டத்தில் தொடங்குகிறது.

ஃபெர்குசன் நகரத்தின் பொது நிதி வருவாய் 2010 நிதியாண்டில் ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் டாலர். அதில் தண்டத்தாலும் கட்டணத்தாலும் வந்தது 13 லட்சத்து 80 ஆயிரம்; எட்டில் ஒரு பங்கு. 2015-ஆம் நிதியாண்டுக்கு எதிர்பார்த்தது என்ன? 1 கோடியே 32 லட்சத்து 60 ஆயிரத்தில் 30 லட்சத்து 90 ஆயிரம் டாலர்! ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு! வரவிருக்கும் ஆண்டில் மக்கள் இத்தனை குற்றம் செய்வார்கள், செய்தாக வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு ஆட்சி நடத்தியிருக்கிறார்கள். மழை பெய்யும் என்று நம்பி விதைப்பவன் உழவன். மக்கள் தவறுவார்கள் என்று நம்பி வரவு எழுதியவர்கள் இவர்கள்!

2010 மார்ச்சில், அந்த நகரத்தின் நிதி அதிகாரி, காவல்துறைத் தலைவருக்கு ஒரு மடல் விடுத்தார். விற்பனை வரியில் துண்டு விழப்போகிறது. ஆண்டு முடிவதற்குள் சீட்டு எழுதுவது மிகுந்தாலொழிய அடுத்த ஆண்டு வசூலை உயர்த்துவது கடினம் என்பது அதன் சாரம். கவனியுங்கள்! விபத்து பெருகிவிட்டது, ஆகவே சீட்டு எழுதுங்கள் என்று கேட்கவில்லை. கருவூலம் குறைகிறது, ஆகவே சீட்டு எழுதுங்கள் என்று கேட்டார். அந்த நாளிலிருந்து அங்கே காவலர் காவலராக இல்லை. வரி தண்டும் ஊழியராகிவிட்டார். கோல் ஏந்திய அரசனையும் வழிப்பறிக்காரனையும் வள்ளுவர் ஏன் அருகருகே நிறுத்திக் காட்டினார் என்பது இத்தகைய மடல்களைப் படிக்கும்போது விளங்குகிறது.

ஊரின் மக்கள் தொகை 21,000. 2014 டிசம்பரில் அந்த மன்றத்தின் பிடியாணை நிலுவையில் இருந்தவர்கள் 16,000-க்கும் மேல்! அவ்வழியே வந்துபோன அயலூரார் பலரும் சேர்ந்த கணக்கு அது. சேர்ந்தாலும் எண்ணிப் பாருங்கள், ஓர் ஊர் நிறையத் தேடப்படும் குற்றவாளிகள்! கொலைகாரர்களா? கொள்ளைக்காரர்களா? வண்டி நிறுத்தியவர்கள், விளக்கை மீறியவர்கள், வீட்டுப் புல்லை வெட்டாமல் விட்டவர்கள்!

யார் கையில் சீட்டு விழுந்தது என்று கேட்டால், நம் இயக்கத்தின் நெஞ்சில் நெருப்புப் பற்றும். அந்த ஊரில் கருப்பின மக்கள் நூற்றுக்கு 67 பேர். ஆனால் 2012 முதல் 2014 வரை சாலையில் நிறுத்தப்பட்ட வண்டிகளில் நூற்றுக்கு 85, எழுதப்பட்ட சீட்டுகளில் நூற்றுக்கு 90, கைதானவர்களில் நூற்றுக்கு 93 அவர்களுடையவை. ஒரே நேரத்தில் நான்கும் அதற்கு மேலும் சீட்டுகள் எழுதி ஒருவர் கையில் திணித்த நிகழ்ச்சிகள் கருப்பினத்தார்க்கு 73, மற்றவர்க்கு 2! "சாலையில் நடந்த முறை" என்றே ஒரு குற்றம் இருந்தது அங்கே. நடந்தால் குற்றம் தோழர்களே! அந்தக் குற்றம் சாட்டப்பட்டவர்களில் நூற்றுக்கு 95 பேர் கருப்பர்கள். நம் நாட்டில் சில தெருக்களில் சிலர் நடக்கக் கூடாது என்றிருந்த காலத்தை, அந்தத் தெருக்களில் நடப்பதற்காகவே போராட வேண்டியிருந்த காலத்தை நாம் மறந்துவிடவில்லை.

32 வயது இளைஞர் ஒருவர். 2012 கோடையில் பூங்காவில் கூடைப்பந்து ஆடிவிட்டு, வியர்வை ஆற நிறுத்திய காரில் உட்கார்ந்திருந்தார். காவலர் வந்தார், கேள்வி கேட்டார், முடிவில் எட்டுக் குற்றச்சாட்டுகள்! அவற்றுள் ஒன்று, பெயரைச் சுருக்கிச் சொன்னது. முழுப் பெயருக்குப் பதிலாக வீட்டில் அழைக்கும் குறும்பெயரைச் சொல்லிவிட்டாராம். அது பொய் வாக்குமூலமாம்! இன்னொன்று, நின்ற வண்டியில் இடுப்புவார் அணியாதது! இவற்றால் அவருக்கு நேர்ந்த இழப்பு என்ன? பல்லாண்டுகளாக நடுவண் அரசின் ஒப்பந்தப் பணியில் இருந்த அவர், அந்த வேலையையே இழந்தார். சீட்டில் எழுதாத தொகை என்று சொன்னேனே, அது இதுதான். வேலை போயிற்று, வேலையோடு வாடகை, வாடகையோடு வீடு, வீட்டோடு மானம் என்று ஒவ்வொன்றாய்ச் சரியும். அதை எந்த இரசீதிலும் எழுத மாட்டார்கள்.

இத்தனைக்கும், ஏழைகள் ஏன் இப்படி அல்லலுறுகிறார்கள் என்று அந்நகரத்து அதிகாரிகளைக் கேட்டபோது, "அவர்களுக்குத் தனிமனிதப் பொறுப்பு இல்லை" என்று விடையளித்தார்கள். அதே அதிகாரிகள் தங்களுக்கும், தங்கள் நண்பர்க்கும், சுற்றத்தார்க்கும் வந்த சீட்டுகளைச் சத்தமின்றித் தள்ளுபடி செய்துகொண்டதையும் அதே அறிக்கை எடுத்துக்காட்டியது. ஊருக்குத்தான் உபதேசம்!

2014 ஆகஸ்டு 9-ஆம் நாள், மைக்கேல் பிரவுன் என்ற 18 வயது கருப்பின இளைஞன் அந்த ஊரில் காவலர் ஒருவரால் சுட்டுக் கொல்லப்பட்டான். ஆயுதமற்றவன். நடுச்சாலையில் நடக்காதே, ஓரமாய் நட என்று காவலர் கூறியதிலிருந்து தொடங்கிய நிகழ்ச்சி அது. ஊர் கொதித்தது, நாடு நடுங்கியது. அந்தக் கொதிப்புக்குப் பிறகுதான் அறிக்கை வந்தது. 151 டாலர் அம்மையாரின் கதையும் அதன் பிறகே வெளிவந்தது. தண்டம் வசூலித்துக் கருவூலத்தை நிரப்பலாம். கூடவே மக்கள் நெஞ்சில் எது நிரம்புகிறது என்பதை அந்த நிதி அதிகாரியின் கணக்கேடு காட்டவில்லை.

இப்போது ஊர் திரும்புவோம்.

திரும்பியதும் ஒரு கேள்வி காத்திருக்கிறது. "அப்படியானால் சாலையில் எவரும் எப்படியும் ஓட்டலாம் என்கிறீரா? விதியே வேண்டாமா?" என்று கேட்பார்கள். கேட்பவர்கள் பகைவர்கள் அல்லர், நம்மவர்கள்தாம். அவர்களுக்கு நேர்மையாக விடை கூற வேண்டும்.

2022-ஆம் ஆண்டில் இந்திய நாட்டுச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் யாருக்கு? தமிழ்நாட்டுக்கு: 64,105 விபத்துகள், 17,884 சாவுகள். தலைக்கவசம் அணியாமல் இருசக்கர வண்டியில் சென்று இறந்தோர் நாடு முழுதும் 50,029 பேர். இந்தக் கணக்குகளை வெளியிட்டது நடுவண் அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம். இத்தனை பிணங்களைப் பார்த்த பிறகும் விதி வேண்டாம் என்பவன் மக்களின் தோழன் அல்லன். காப்பீடு இல்லாத வண்டி இடித்துத் தள்ளினால், அடிபட்டவன் குடும்பம் யார் வாசலில் போய் நிற்கும்? குடித்துவிட்டு ஓட்டுகிறவனுக்குப் பரிந்து பேச இந்த எழுதுகோல் எழாது.

சினம் கொள்ளாதீர்கள், ஒன்று சொல்கிறேன். நம் பேரணிகளிலேயே நான் பார்க்கிறேன். கையில் கொடி, வாயில் முழக்கம், வண்டியில் மூவர், தலையில் காற்று! தலைவர்களின் படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுப் பாதுகாக்கிறோம். தொண்டனின் தலைக்கு ஓடு போட மறுக்கிறோம். நிறுத்திக் கேட்கும் காவலரிடம், "யார் தெரியுமா நான்?" என்று கழகக் கரையைத் தூக்கிக் காட்டும் தோழரும் உண்டு. ஃபெர்குசன் நகரத்து அதிகாரி தன் சீட்டைத் தள்ளுபடி செய்துகொண்டதற்கும், இதற்கும் என்ன வேறுபாடு? சொல்லுங்கள்! நாம் ஒழுங்காக இருந்தால்தான் நம் கேள்விக்கு ஒலி இருக்கும்.

விதி வேண்டும். மீறினால் தண்டனையும் வேண்டும். அந்தத் தண்டனையை எந்தத் தராசில் நிறுப்பது என்பதில்தான் நம் வழக்கு.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தை 2019-இல் திருத்தினார்கள் டில்லியில். அந்த ஆண்டு செப்டம்பர் முதல் நாள் தண்டத் தொகைகள் தாவி ஏறின. தலைக்கவசம் இல்லையென்றால் 100 என்றிருந்தது 1,000. உரிமம் இன்றி ஓட்டினால் 500 என்றிருந்தது 5,000. காப்பீடு இல்லையேல் முதல் முறை 2,000, மறுமுறை 4,000. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் உயர்ந்த தொகைகள் நடைமுறைக்கு வந்தன.

கட்டட வேலைக்குச் செல்லும் ஒரு கொத்தனாரை நினைத்துக்கொள்ளுங்கள். நாட்கூலி 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வேலை உள்ள நாளில்தான் அதுவும். பழைய வண்டி, கவசம் இல்லை, காப்பீடு காலாவதி. ஒரு காலை வேளையில் நாற்சந்தியில் நிறுத்தப்படுகிறார். 1,000-உம் 2,000-உம் கூட்டினால் 3,000. ஆறு நாள் உழைப்பு! ஆறு நாள் சுண்ணாம்பும் செங்கல்லும் சுமந்த உடலின் கூலி! அன்றைய வேலைக்கு நேரங்கழிந்து போனால் மேஸ்திரி வேறொருவரை ஏற்றியிருப்பார். ஏழாவது நாளும் போயிற்று. கையில் பணமில்லை, வண்டியை விட்டுப் போக மனமில்லை, தண்டல்காரரிடம் வாங்கினால், அன்று மாலை முதல் வட்டி ஓடத் தொடங்கும். அரசு எழுதியது 3,000. தண்டல்காரர் எழுதுவது எவ்வளவு என்பதை அந்தக் கையடக்க இயந்திரம் கக்கும் சீட்டு சொல்வதில்லை.

அதே நாற்சந்தியில், அதே நாளில், அதே கவசமின்றி, பல இலட்சம் விலையுள்ள மோட்டார் சைக்கிளில் ஒரு செல்வச் சீமான் வீட்டுச் செல்வன் வருகிறான். அவனுக்கும் 1,000! எடுத்து நீட்டுகிறான், எரிபொருள் பீய்ச்சிப் பறக்கிறான். முன்னிரவில் உணவு விடுதியில் பரிமாறியவருக்கு அவன் கொடுத்த டிப்ஸ் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்திருக்கும். அவனுக்கு அது தண்டனையா? விதியை மீறுவதற்கான நுழைவுக் கட்டணம்!

"சட்டத்தின் முன் அனைவரும் சமம், இருவர்க்கும் ஒரே தொகை" என்பார்கள். பிறப்பைப் பார்த்துத் தண்டனையை அளந்த மனுவின் தராசை உடைத்தெறிய வந்தவர்கள் நாம். ஆகவே ஒரே தொகை என்றதும் நமக்கே ஒரு மயக்கம் வருகிறது. தோழர்களே, ஒரே தொகை என்பது ஒரே தண்டனை அன்று! யானை முதுகிலும் ஆட்டுக்குட்டி முதுகிலும் ஒரே மூட்டையை ஏற்றிவிட்டு, "பாருங்கள், இரண்டுக்கும் சமநீதி" என்று சொல்வதற்கு ஒப்பானது அது.

வேறு தராசு உலகில் உண்டா? உண்டு. பின்லாந்து நாட்டில் 1921 முதல் நடைமுறையில் இருக்கிறது. பெருங்குற்றமான வேகத்துக்கு அங்கே தண்டத்தைப் பணத்தில் எழுதுவதில்லை, நாளில் எழுதுகிறார்கள். இத்தனை நாள் வருமானம் என்பது தண்டனை. அந்த நாளின் மதிப்பு அவரவர் வருவாய்க்கு ஏற்ப மாறும். 2023 சூன் திங்களில், ஆலந்துத் தீவில், ஆண்டர்ஸ் விக்லோஃப் என்ற பெருஞ்செல்வர் 50 கிலோமீட்டர் எல்லையில் 82 கிலோமீட்டர் வேகத்தில் சென்றார். தண்டம் எவ்வளவு? 1,21,000 யூரோ! நம் பணத்தில் கோடியைத் தாண்டும். 10 நாள் உரிமமும் பறிபோயிற்று. அங்கே வண்டியின் விலை தண்டத்தைக் கண்டு நகைப்பதில்லை, நடுங்குகிறது.

அமெரிக்காவிலும் அறம் முற்றிலும் உறங்கிவிடவில்லை. டேட் என்ற ஏழை, ஹூஸ்டன் நகரில் போக்குவரத்துத் தண்டம் 425 டாலர் கட்ட இயலாமல் நின்றார். நாளொன்றுக்கு 5 டாலர் கழிவு. ஆகவே 85 நாள் சிறைப் பண்ணையில் கிட என்றார்கள். 1971-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் அதைத் தள்ளியது. தண்டம் மட்டுமே உரிய குற்றத்துக்கு, கட்டப் பணமில்லை என்ற ஒரே காரணத்தால் சிறை என்பது சமநீதிக்கு மாறானது என்றது. தீர்ப்பு வந்து 36 ஆண்டுகள் கழித்து ஃபெர்குசன் என்ன செய்தது? பணம் கட்டாததற்குச் சிறை என்று சொல்லவில்லை. மன்றத்துக்கு வராததற்குச் சிறை என்று பெயரை மாற்றியது! நல்ல தீர்ப்பு ஏட்டில் இருந்தால் போதாது. அதைச் சுற்றிக்கொண்டு போகும் சந்துகளையும் அடைக்க வேண்டும். மிசூரி மாநிலம் 2015-இல் விழித்துக்கொண்டு, ஊராட்சிகள் போக்குவரத்துத் தண்டத்தால் இத்தனை பங்குக்கு மேல் வயிறு வளர்க்கக் கூடாது என்று இருந்த வரம்பை இறுக்கியது. தண்டம் கட்டாதவரின் ஓட்டுநர் உரிமத்தைப் பறிக்கும் வழக்கத்தை கலிபோர்னியா 2017-இல் கைவிட்டது. உரிமத்தைப் பறித்தால் வேலைக்குப் போக முடியாது. வேலைக்குப் போகாதவன் தண்டத்தை எங்கிருந்து கட்டுவான்? இவ்வளவு எளிய உண்மை எட்ட எத்தனை ஆண்டு!

நம் சட்டத்தில் என்ன இருக்கிறது? கவசமின்றி ஓட்டினால் 1,000 ரூபாயோடு, மூன்று திங்கள் உரிமத் தகுதி நீக்கம் என்றும் எழுதியிருக்கிறது. சம்பளக்காரர் மூன்று திங்கள் பேருந்தில் போவார். வீடுவீடாக உணவுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கும் இளைஞன்? வாடகைக்குக் குட்டி யானை ஓட்டும் குடும்பத் தலைவர்? அவர்களுக்கு உரிமம் என்பது அட்டையன்று. உலையில் வைக்கும் அரிசி. 1,000 ரூபாயைக் காட்டி மிரட்டுகிறோம் என்று எண்ணுகிறவர்கள், பின்னால் நிற்கும் மூன்று திங்களைப் பார்க்கட்டும். தொகை பத்து மடங்கு உயர்ந்தபோது, சீட்டு எழுதாமலே முடித்துக்கொள்ளும் பேரத்தின் விலையும் சும்மா இருந்துவிடாது என்பதையும் கூடவே எண்ணட்டும்.

அதே 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இன்னும் இரு பிரிவுகள் உள்ளன. அவற்றைப் பற்றி நாற்சந்தியில் எவரும் பேசுவதில்லை. ஒன்று, 210-பி: சட்டத்தை நடைமுறைப்படுத்தும் அதிகாரம் உடையவரே விதியை மீறினால் இருமடங்கு தண்டம். மற்றொன்று, 198-ஏ: சாலையை வகுத்தவர், போட்டவர், பேணுபவர் பாதுகாப்புத் தரத்தைக் கைவிட்டு, அதனால் சாவோ உடற்குறையோ நேர்ந்தால், ஒரு இலட்சம் ரூபாய் வரை தண்டம். 2022-இல் சாலைப் பள்ளங்களால் மாண்டோர் நாடு முழுதும் 1,856 பேர் என்று அதே அமைச்சகம் சொல்கிறது. பள்ளத்தில் விழுந்தவன் கவசம் அணிந்திருந்தானா என்று கேட்க ஆள் இருக்கிறது. பள்ளத்தைத் தோண்டிப்போட்டவன் எங்கே என்று கேட்க ஆள் உண்டா? ஏழையின் கையில் இயந்திரம் கக்கும் சீட்டு ஒரு நிமிடத்தில் வருகிறது. ஒப்பந்ததாரர் கையில் சேர வேண்டிய சீட்டு எந்த மேசையில் தூங்குகிறது?

"டில்லி போட்ட சட்டம், நாம் என்ன செய்ய இயலும்?" என்று கைவிரிப்பவர்களுக்கும் ஒரு சொல். மோட்டார் வண்டி, அரசியலமைப்பின் பொதுப் பட்டியலில் இருக்கிறது. அதே சட்டத்தின் 200-ஆம் பிரிவு, சாலையோரத்திலேயே தீர்த்துக்கொள்ளும் குற்றங்களுக்கு எவ்வளவு என்று அறிவிக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்குத் தருகிறது. அதைப் பயன்படுத்தி 2019 செப்டம்பரிலேயே தொகைகளைக் குறைத்தது எந்த மாநிலம்? பிரதமரின் சொந்த மாநிலமான குசராத்! டில்லியின் சட்டத்தை அவர்கள் வீட்டிலேயே தளர்த்திக்கொண்டபோது, மற்றவர்கள் மட்டும் இறுக்கிக் கட்டிக்கொள்ள வேண்டுமா? மாநில உரிமை என்பது மேடையில் முழங்க மட்டும் வைத்திருக்கும் சொல்லன்று. இப்படிப்பட்ட இடங்களில் எடுத்துப் பயன்படுத்த வேண்டிய கருவி. யார் ஆட்சியில் இருந்தாலும் இதைச் சொல்லும் கடமை இந்த ஏட்டுக்கு உண்டு. நம்மவர் ஆட்சியானால் இன்னும் உரத்துச் சொல்லும் உரிமையும் உண்டு.

ஆகவே நாம் கேட்பது கருணை அன்று. எந்தக் காவல் நிலையத்துக்கும் இத்தனை சீட்டு எழுத வேண்டும் என்று வாய்மொழியாகவும் இலக்கு வைக்கக் கூடாது என்று கேட்கிறோம். தண்டப் பணம் பொதுக் கருவூலத்தில் கலந்து மறையாமல், சாலையைச் செப்பனிடவும் அடிபட்டவர்க்கு மருந்திடவும் தனிக் கணக்கில் நிற்க வேண்டும். அந்தக் கணக்கை ஆண்டுதோறும் ஊரறியச் சொல்ல வேண்டும். தண்டத்தை இரண்டு மூன்று தவணைகளில் கட்ட நீதிமன்றம் இடம் தரலாம் என்பது நம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பழைய நாள் தொட்டே உண்டு. மன்றத்துக்குத் தெரிந்த அந்த ஈரம் கையடக்க இயந்திரத்துக்கும் தெரியட்டும். முதல் முறை கவசமின்றி வரும் கூலியாளிடம் 1,000 பறிப்பதற்குப் பதில், அந்தப் பணத்துக்கு ஒரு கவசத்தை வாங்கி அவர் தலையில் மாட்டி அனுப்பினால் எது குறைந்துவிடும்? செல்வரின் வேகத்துக்குப் பின்லாந்துத் தராசு இங்கே வர நாளாகலாம். வர வேண்டும் என்று கேட்கத் தொடங்குவதற்கு நாள் பார்க்க வேண்டியதில்லை.

நகராட்சிகளில், ஊராட்சிகளில் உறுப்பினர்களாக அமர்ந்திருக்கும் நம் தோழர்களுக்கு வேலை இப்போதே இருக்கிறது. உங்கள் வட்டத்தில் எந்தச் சாலையை எவர் போட்டார், எத்தனை ஆண்டு பேணும் பொறுப்பு அவருக்கு உண்டு என்று அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். எந்தப் பள்ளத்தில் எவர் விழுந்தார் என்று எழுதி வையுங்கள். பட்டியல் வந்தால் இந்த ஏடு அச்சேற்றும். சட்டமன்றத்தில் நம் உறுப்பினர்கள் 198-ஏ பிரிவின் கீழ் இதுவரை எத்தனை சீட்டுகள் கிழிக்கப்பட்டன என்று கேட்கட்டும்.

அடுத்த கிளைக் கூட்டம் ஞாயிறு மாலை. உங்கள் தெருப் பள்ளங்களின் பட்டியலோடு வாருங்கள், தலைக்கவசத்தோடு வாருங்கள், வண்டிக்கு இருவராக வாருங்கள்.